கோடும் கட்டமும் – 14: எட்டு முனை நட்சத்திரம்

துருக்கிச் சிவப்பு என்ற சாயத்தைப் பற்றி இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். வரும். அதற்குமுன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: 1935 முதல் 1942 வரை அமெரிக்க அரசு, வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து நாட்டின் பழைய கைவினைப் பொருள்களை வாட்டர்கலரில் படியெடுக்க வைத்தது. ‘இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்’ என்ற அந்தத் தொகுப்பின் 18,000 சொச்சம் தாள்கள் இன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. மற்றதைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலுள்ள குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை) படங்களைப் புரட்டும்போது 45 டிகிரி என்னைப் பிடித்துக்கொண்டது.

‘பெத்லகேம் நட்சத்திரம்’ என்றொரு பழைய குயில்ட் வடிவம். எட்டுப் பெரிய சாய்சதுரங்கள் நடுவில் முனை கூடி நிற்கும். எட்டு நாற்பத்தைந்து 360, கணக்கு சரி. பெரிய சாய்சதுரம் ஒவ்வொன்றும் சின்னச் சின்ன சாய்சதுரத் துண்டுகளால் ஆனது. பக்கத்துக்கு 9 துண்டு வைத்தால் மொத்தம் 648. ஒரே நிறத் துண்டுகள் நடுவில் 8, அடுத்த சுற்றில் 16, பிறகு 24 என்று 72 வரை ஏறும். அப்புறம் அதே படியில் இறங்கி, முனைக்கு ஒன்றாக 8-இல் முடியும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சுற்றுக்குச் சுற்று நிறம் மாறுகையில் படுக்கை விரிப்பு அதிர்கிற மாதிரி கண் ஏமாறுகிறது.

வம்பு துணியில்தான். இந்தச் சாய்சதுரத்தின் இரண்டு பக்கங்களை நூலோட்டத்தில் வெட்டினால், மற்ற இரண்டும் அச்சாகக் கிராஸில் விழும். கோணம் 45 என்பதால் தப்பிக்கவே முடியாது. கிராஸ் கட்டிங் ஜாக்கெட் தைக்கும் எந்த டெய்லரைக் கேட்டாலும் சொல்வார், அந்த ஓரம் தொட்டால் இழுபடும் என்று. துண்டுக்கு ஒரு டிகிரி குறைந்தால் எட்டுக்கு எட்டு. நடுப்பகுதி குடை மாதிரி எழும்பிவிடும். கூடினாலோ ஓரமெல்லாம் சுருக்கம். இந்தக் குயில்ட்களைத் தைத்த பெண்கள் இதைக் கையால் வெட்டி, கையால் தைத்து, கட்டிலில் தட்டையாக விரித்திருக்கிறார்கள்!

ஓவியருக்கு அந்தத் தொல்லை இல்லை, காகிதம் இழுபடாது. அவர் பாடு வேறு. வெள்ளைத் துணிக்கு வெள்ளைச் சாயம் பூசாமல் தாளையே விட்டுவைத்து, தையல் அமுங்கிய பள்ளத்துக்கு மட்டும் நீர்த்த சாம்பல் நிழல் கொடுக்க வேண்டும். இந்த நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் சூசன் சாப்மன். பாஸ்டன் அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பிரிவில் பழம்பொருள்களை வரைந்துகொண்டிருந்தவர். பாட்டி தைத்த போர்வைக்குப் பாரோ கல்லறைப் பொருளுக்குரிய மரியாதை கிடைத்தது இப்படித்தான். சாப்மனைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். ஆசிரியர் முறைப்பார்.

பக்கம் முடிந்துவிட்டது, சிவப்பு அடுத்த வாரம். அதன் சாயப்பொருளான அலிசரின் நம் கடற்கரை மணலில் முளைக்கும் இம்பூறல் வேரிலும் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.