அசையாத புள்ளிதான் ஆபத்து: சின்ன விமானங்கள் வானத்துல மோதிக்காம இருக்கிறது எப்படி?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். வானம் அவ்ளோ பெருசு. அதுல ரெண்டு பேர், நாலு பேர் உட்கார்ற குட்டி விமானம் ரெண்டு எப்படி மோதிக்க முடியும்?

பதில் ரொம்ப சிம்பிள். வானம் பெருசுதான், ஆனா ரன்வே சின்னது. மேலே எங்க வேணா சுத்தலாம், இறங்கணும்னா எல்லாரும் அந்த ஒரே கோட்டுக்குத்தான் வந்தாகணும். அதனாலதான் சின்ன விமானங்கள் மோதுற விபத்துல பெரும்பாலானது ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே நடக்குது. அதுவும் மழையிலயோ இருட்டுலயோ இல்ல. நல்ல வெயில் அடிக்கிற, தெளிவான பகல் நேரத்துல. ஏன்னா அந்த மாதிரி நாள்லதான் எல்லாரும் பறக்கக் கிளம்புறாங்க.

வாட்சன்வில், 2022

ஆகஸ்ட் 18, 2022. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம், வாட்சன்வில் ஏர்போர்ட். மதியம் மூணு மணி இருக்கும். செஸ்னா 152 என்கிற ரெண்டு சீட் விமானம் ரன்வேயைச் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருக்கு. உள்ள ஒரே ஒரு பைலட். அதே நேரத்துல செஸ்னா 340, ரெண்டு எஞ்சின் இருக்கிற பெரிய விமானம், தூரத்துலேர்ந்து நேரா ரன்வேயை நோக்கி வருது. அதுல ரெண்டு பேர்.

இந்த ஏர்போர்ட்ல கன்ட்ரோல் டவர் கிடையாது. "நீ முதல்ல இறங்கு, நீ கொஞ்சம் காத்திரு"ன்னு சொல்ல ஆளில்ல. ஆனா ரெண்டு பைலட்டும் ரேடியோவுல பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் நேரா வர்றேன்னு 340 சொல்லுது. நான் இடப்பக்கம் திரும்பி இறங்கப் போறேன்னு 152 சொல்லுது. சின்ன விமானத்துல இருந்தவர் பின்னாடி வர்றதைப் பார்த்துட்டார். வேகமா வர்றீங்க, நான் இறங்காம மேலே போயிடறேன்னு சொன்னார்.

அதுக்குள்ள மோதிடுச்சு. மூணு பேரும் இறந்துட்டாங்க.

ரெண்டு பேர்கிட்டயும் ரேடியோ இருந்தது, ரெண்டு பேரும் பேசினாங்க, வானமும் தெளிவா இருந்தது. அப்புறமும் ஏன்? அதைப் புரிஞ்சுக்க, டவர் இல்லாத ஏர்போர்ட் எப்படி ஓடுதுன்னு முதல்ல பார்க்கணும்.

சிக்னல் இல்லாத ஜங்ஷன்

அமெரிக்காவுல பொதுமக்கள் பயன்படுத்துற ஏர்போர்ட் சுமார் 5,000 இருக்கு. அதுல டவர் இருக்கிறது 500 சொச்சம்தான். மீதி எல்லாம் சிக்னலும் போலீஸும் இல்லாத ஜங்ஷன் மாதிரி. ஆனா அங்க ஒரு ஒழுங்கு இருக்கு. அதுக்குப் பேரு டிராஃபிக் பேட்டர்ன்.

ரன்வேயை ஒரு பக்கமா வெச்சு வானத்துல ஒரு செவ்வகம் வரைஞ்சுக்கோங்க. தரையிலேர்ந்து பொதுவா 1,000 அடி உயரம். ரன்வேக்கு இணையா, இறங்குற திசைக்கு எதிரா பறக்கிற பக்கம் டவுன்விண்ட். அங்கேர்ந்து திரும்பினா பேஸ். இன்னொரு தடவை திரும்பி ரன்வேக்கு நேரா வந்துட்டா ஃபைனல். திருப்பம் எல்லாம் வழக்கமா இடது பக்கம்தான். ஏன்னா பைலட் உட்கார்றது இடது சீட்ல, அந்த ஜன்னல் வழியா ரன்வே கண்ணு முன்னாடியே இருக்கும். வெளியிலேர்ந்து வர்றவங்க 45 டிகிரி சாய்வுல டவுன்விண்ட்ல வந்து சேரணும்.

இதுல இருக்கிற லாபம், எல்லாரும் ஒரே வழியில போனா அடுத்த விமானத்தை எங்க தேடணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். வானம் முழுக்கத் தேட வேண்டாம், நாலு பக்கத்துல தேடினாப் போதும்.

ரெண்டாவது, ரேடியோ. ஒவ்வொரு திருப்பத்துலயும், "வாட்சன்வில் டிராஃபிக், செஸ்னா இன்னது, ரன்வே 20-க்கு லெஃப்ட் பேஸ், வாட்சன்வில்"னு சொல்லணும். ஊர் பேரு ரெண்டு தடவை வருது, கவனிச்சீங்களா? பக்கத்துல இருக்கிற வேற ஏர்போர்ட்டும் அதே அலைவரிசையில இருக்கலாம். ஆரம்பத்துல பேரு காதுல விழாம போனாலும், கடைசியில கேட்டு "இது நம்ம ஊருதான்"னு புரிஞ்சுக்க அந்த ஏற்பாடு.

வாட்சன்வில்ல 340 இந்தச் செவ்வகத்துக்குள்ள வராம நேரா ஃபைனலுக்கு வந்தது. அது சட்டவிரோதம் இல்ல. ஆனா அதோட வேகம் சுமார் 180 நாட், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல. இறங்க வர்ற வேகத்துக்கு அது ரொம்ப அதிகம். 152 மாதிரி விமானம் வழக்கமா இறங்க வர்றது 60 நாட் பக்கத்துல. வித்தியாசம் 120 நாட். அந்தக் கணக்குல நடுவுல ஒரு நாட்டிகல் மைல் இடைவெளி இருந்தாலும் 30 செகண்ட்ல காலி. செவ்வகத்துல சுத்துறவர், "மூணு மைல்ல ஒருத்தர் வர்றார்"னு கேட்டா, தன்னை மாதிரி வேகத்துல வர்றவர்னு நினைச்சுத்தான் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு இங்க தப்பாயிடும். 340 பைலட் முன்னாடி இருந்த விமானத்தைப் பார்த்து விலகாததுதான் விபத்துக்குக் காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லுது.

"பார்த்து விலகு"ன்னு சொல்றது சுலபம்

இங்கதான் நம்ம கண்ணோட பிரச்சனை வருது. விமானிகளுக்கான விதி, வானிலை தெளிவா இருந்தா பார்த்து விலகுறது உங்க பொறுப்புன்னு சொல்லுது. ஆனா மனுஷக் கண்ணு அந்த வேலைக்குச் செஞ்சது இல்ல.

நம்ம கண்ணு அசைவைத்தான் சட்டுனு பிடிக்கும். ரெண்டு விமானம் நேர்கோட்டுல, மாறாத வேகத்துல ஒரு புள்ளியை நோக்கிப் போகுதுன்னு வைங்க. மோதப் போற அந்த இன்னொரு விமானம் உங்க கண்ணாடியில அசையவே அசையாது. ஒரே இடத்துல ஒட்டி வெச்ச புள்ளி மாதிரி இருக்கும். கண்ணாடியில நகர்ந்து போற விமானம் பெரும்பாலும் உங்களைக் கடந்து போயிடும். நகராம இருக்கிறதுதான் உங்களை நோக்கி வருது. ரொம்ப நேரம் சின்னப் புள்ளியாவே இருந்து, கடைசி சில செகண்ட்ல பூ மாதிரி விரிஞ்சு பெருசாகும்.

அந்த சில செகண்ட் போதுமா? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கொடுக்கிற கணக்கு இது. பார்க்க, அது விமானம்னு புரிய, மோத வருதுன்னு உணர, எந்தப் பக்கம் திரும்பணும்னு முடிவெடுக்க, கை அசைய, விமானம் திரும்ப, எல்லாம் சேர்த்து 12.5 செகண்ட். எதிரெதிரா 120 நாட்ல வர்ற ரெண்டு விமானம் அந்த நேரத்துல ஒன்றரை கிலோமீட்டர் நெருங்கிடும். 11 மீட்டர் இறக்கை இருக்கிற விமானம் அந்தத் தூரத்துல எவ்ளோ பெருசா தெரியும் தெரியுமா? கையை நீட்டி விரல் நுனியில ஒரு அரிசியைப் பிடிங்க. அவ்ளோதான்.

இது போதாதுன்னு விமானமே கண்ணை மறைக்கும். செஸ்னா 152 மாதிரி விமானங்களுக்கு இறக்கை தலைக்கு மேல, அதனால மேலே இருக்கிறது தெரியாது. பைப்பர் மாதிரி விமானங்களுக்கு இறக்கை கீழ, அதனால அடியில இருக்கிறது தெரியாது. ஃபைனல்ல செஸ்னா கீழயும், பைப்பர் அதுக்கு மேலயும் வந்தா, ரெண்டு பேருக்கும் இன்னொருத்தர் இருக்கிறதே தெரியாம போகலாம்.

டவர் இருந்தா சரியாயிடுமா?

மே 12, 2021. டென்வருக்குப் பக்கத்துல சென்டென்னியல் ஏர்போர்ட். இங்க டவர் இருக்கு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இணை ரன்வே. சிரஸ் என்கிற சின்ன விமானம் தன்னோட ரன்வேக்குத் திரும்புறப்ப கோட்டைத் தாண்டிப் போய், அடுத்த ரன்வேக்கு இறங்கிக்கிட்டிருந்த மெட்ரோலைனர் சரக்கு விமானத்துல மோதிடுச்சு. ரெண்டு ரன்வேக்கும் ரெண்டு கன்ட்ரோலர், ரெண்டு அலைவரிசை. மெட்ரோலைனர் பைலட்டுக்கு சிரஸ் பத்தின எச்சரிக்கை போகவே இல்ல.

ஆச்சரியம் என்னன்னா யாருக்கும் எதுவும் ஆகல. சிரஸ் விமானத்துக்கே ஒரு பாராசூட் உண்டு, அதுல தொங்கிக்கிட்டே இறங்கினாங்க. மெட்ரோலைனரோட உடம்புல பெரிய பகுதி பிஞ்சு போயிருந்தது. அதோட பைலட் எஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டே பத்திரமா இறக்கிட்டார். ஆனா அடுத்த வருஷம் ஜூலையில நார்த் லாஸ் வேகஸ்ல இதே மாதிரி இணை ரன்வேயைத் தாண்டிப்போன விபத்துல நாலு பேர் இறந்தாங்க.

ஸ்க்ரீன் காப்பாத்துமா?

பெரிய பயணிகள் விமானத்துல டீகாஸ்னு ஒரு கருவி இருக்கு. மோத வந்தா ஒரு விமானத்தை ஏறு, இன்னொண்ணை இறங்குன்னு சொல்லும். 1996-ல ஹரியானாவுல சர்க்கி தாத்ரி மேல ரெண்டு பெரிய விமானம் மோதி 349 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்தியாவுல இதைக் கட்டாயமாக்கினாங்க.

குட்டி விமானங்கள்ல அது பொதுவா இருக்காது. அதுக்கு பதிலா ஏடிஎஸ்-பி. ஒவ்வொரு விமானமும் "நான் இங்க இருக்கேன்"னு செகண்டுக்கு ஒரு தடவை மாதிரி ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல 2020 ஜனவரி 1-லேர்ந்து நெரிசலான வான்பகுதிகள்ல இது கட்டாயம். ஆனா டவர் இல்லாத பல ஊர்ல இன்னும் கட்டாயம் இல்ல. அதனால ஸ்க்ரீன்ல யாரும் இல்லன்னா வானத்துல யாரும் இல்லன்னு அர்த்தம் கிடையாது. இன்னொண்ணு, ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டிருந்தா ஜன்னலை யார் பார்க்கிறது?

அதனால நல்ல பைலட் எந்த ஒண்ணையும் தனியா நம்ப மாட்டார். ஏர்போர்ட் வர்றதுக்குப் பத்து மைல் முன்னாடியே ரேடியோவைக் கேட்க ஆரம்பிப்பார். மத்தவங்க வேகத்துக்கு இறங்கி வருவார். விளக்கைப் போட்டுக்குவார். வானத்தை ஒரே வீச்சுல பார்க்காம, பத்து டிகிரி, பத்து டிகிரியா, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு செகண்ட் நின்னு பார்ப்பார். ஏன்னா ஓடுற கண்ணு எதையும் தெளிவா பார்க்காது. சந்தேகம் வந்தா இறங்காம இன்னொரு சுத்து போவார். அதுக்கு ஆகிற செலவு அஞ்சு நிமிஷமும் கொஞ்சம் பெட்ரோலும்தான்.

கடைசியா ஒண்ணு. இந்த அசையாத புள்ளி கணக்கு ரோட்டுக்கும் பொருந்தும். கார்ல ஜங்ஷனை நெருங்கும்போது, குறுக்கு ரோட்டுல வர்ற பைக் உங்க முன்கண்ணாடி ஓரத்துக் கம்பிக்குப் பின்னாடி மறைஞ்சே கூட வரலாம். நீங்க "பார்த்துட்டுத்தான் போனேன்"னு சொன்னாலும் அது பொய்யா இருக்காது. அதனால அடுத்த தடவை தலையைக் கொஞ்சம் முன்னயும் பின்னயும் அசைச்சுப் பாருங்க. ஒளிஞ்சிருந்த புள்ளி வெளிய வரும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா போயிட்டு வாங்க.