சுற்றாடல் தினம்: பேச்சைக் குறைப்போம், பிள்ளைகளை அளக்க விடுவோம்

ஜூன் 5 நெருங்கினால் நமது பாடசாலைகளில் பதாகை எழுதும் வேலை தொடங்கிவிடும். காலைக் கூட்டத்தில் அதிதிகள் பேசுவார்கள், ஒரு மரக்கன்று நடப்படும், படம் எடுக்கப்படும். தரம் 1, 2 பிள்ளைகள் வெயிலில் நின்றதுதான் மிச்சம். மாத்தளையில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் எனக்கு, அன்றைய தினம் பேச்சுக்குப் பத்து நிமிடமே அதிகம் என்று தோன்றுகிறது. மீதி நேரத்தில் பிள்ளைகள் தம் கையால் அளக்கட்டும், எண்ணட்டும்.

வுழூ செய்யும் குழாயடியில் தொடங்கலாம். குழாயின் கீழ் வாளி வைத்து, ஒரு பிள்ளையை வழமைபோல வுழூ செய்யச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் செய்தபோது வாளி பாதிக்கு மேல் நிறைந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் வுழூ செய்ததாக புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இரு கைகளாலும் அள்ளும் அளவு அது, ஒரு லீற்றருக்கும் குறைவு. அந்த அளவை ஒரு போத்தலில் ஊற்றி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், வீண்விரயம் பற்றி நாம் தனியாக உபதேசம் செய்யத் தேவையில்லை.

அடுத்தது நுளம்பு. தென்மேல் பருவ மழையோடு டெங்கு கூடும் காலம் அது. தரம் 4, 5 பிள்ளைகள் வளவில் தண்ணீர் தேங்கிய சிரட்டைகளையும் யோகட் கோப்பைகளையும் எண்ணட்டும். (உடைந்த போத்தல்களைப் பெரியவர்களே எடுக்க வேண்டும்.) குடம்பி நெளிவதைக் கண்ணாடிக் குவளையில் காட்டுங்கள். முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக மாற 7 முதல் 10 நாட்கள் போதும். வருடத்தில் ஒரு நாள் சிரமதானம் செய்வதால் இதற்குப் பலனில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் பலன் உண்டு.

லன்ச் சீட் 2017 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டது. அன்று அதிதிகளுக்கு வரும் சோற்றுப் பொதியும் அதில் சுற்றப்பட்டிருந்தால், பிள்ளைகள் கற்றுக்கொள்ளப் போவது அதைத்தான்.

மரநடுகையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நமது மாவட்டத்தில் பெருமழை ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில்தான். கலேவெல, தம்புள்ளைப் பக்கங்களில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி. ஜூனில் நட்ட கன்றுக்கு விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? அதை நவம்பருக்குத் தள்ளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிகள் உள்ள பாடசாலைகளில் கன்றுக்கு இருவர் வீதம் பொறுப்புக் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை அதன் உயரத்தை அவர்களே அளந்து கொப்பியில் எழுதட்டும்.