தரவு கேசட் மீட்பு

தரவு கேசட் மீட்பு என்பது, 1980களின் வீட்டுக் கணினிகளுக்காகக் கேசட் நாடாக்களில் பதியப்பட்ட நிரல்களை இன்றைய கணினியின் உதவியால் படித்து, மீண்டும் பதிவு செய்யும் முறையாகும்.

பின்னணி

இந்தியாவில் 1984-85இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. இதன் நிரல்களைச் சாதாரண டேப் ரெக்கார்டரிலேயே சேமிக்கலாம். 0 என்பது 1200 ஹெர்ட்சு ஒலியின் ஓர் அலையாகவும், 1 என்பது 2400 ஹெர்ட்சின் இரண்டு அலைகளாகவும் பதிவாகும். நிரல் 256 பைட் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுடனும் சரிபார்ப்பு எண் சேர்க்கப்படும். ஒரு பிட் பிழைத்தாலும் கணினி அத்தொகுதியை ஏற்காது. பாட்டு கேசட்டில் சிறு கீறலைக் காது பொறுத்துக்கொள்ளும். தரவு கேசட்டில் அதற்கு இடமில்லை.

மீட்கும் முறை

1. தவறுதலாக அழியாதிருக்க, கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள காப்புத் தகடுகளை உடைத்துவிட வேண்டும்.
2. ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிட வேண்டும். கோவில்பட்டி போன்ற கரிசல் ஊர்களில் தூசி மிகுதியாதலால் இது முக்கியம்.
3. ஹெட்டின் சாய்வைத் திருத்தும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.
4. இயர்போன் துளையைக் கணினியின் லைன்-இன் துளையுடன் இணைத்து, ஆடாசிட்டி மென்பொருளில் 44,100 ஹெர்ட்சில் வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். எம்பி3 சுருக்கம் அலைவடிவை மாற்றிவிடும்.

மறுபதிவு

பழைய ஒலியை அப்படியே நகலெடுத்தால் இரைச்சலும் நகலாகும். எனவே வேவ் கோப்பிலிருந்து பிட்டுகளைப் பிரித்து யுஇஎஃப் கோப்பாக்கி, அதிலிருந்து தூய ஒலியை உருவாக்கிப் புதிய நாடாவில் பதிவர். எமுலேட்டரிலும் இக்கோப்பை இயக்கலாம். மூல நாடாவை வெயிலும் காந்தமும் படாமல் பாதுகாக்க வேண்டும்.