எல்லைப்புறத்துப் பிரபு பக்ளூ: பாடலும் வரலாறும்



ஸ்கொட்லாந்தின் கதைப்பாடல்களைப் பற்றிப் பேச வருபவர் எவரும் 'கின்மொன்ட் வில்லி' என்ற பாடலைக் குறிப்பிடாமல் செல்வது அரிது. சிறைப்பட்ட ஒருவனைக் கோட்டைக்குள் புகுந்து மீட்டுவந்த தலைவனின் வீரத்தைப் பாடுவது அது. அத்தலைவன் கற்பனைப் பாத்திரமல்லன். பக்ளூ பிரபு வோல்டர் ஸ்கொட் என்ற பெயருடன் 1565 முதல் 1611 வரை வாழ்ந்தவர். பிற்காலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற சேர் வோல்டர் ஸ்கொட்டும் இவரும் ஒரே குலத்தவர். ஆயினும் வேறு வேறு ஆட்கள். பாடல் காட்டும் பக்ளூவையும் வரலாறு காட்டும் பக்ளூவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முதலில் அந்த மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் தனித்தனி அரசுகளாக இருந்த காலம் அது. இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறம், பக்கத்துக்கு மூன்றாக ஆறு காவற் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் அதிபர் இருந்தார். லிடிஸ்டேல் என்ற பள்ளத்தாக்கு மிகவும் கட்டுக்கடங்காதது என்பதால் அதற்கெனத் தனியாக ஒரு காவலரை ஸ்கொட்லாந்து அரசு நியமித்தது. ஆம்ஸ்ட்ரோங், எலியட், கிரேயம், கெர், ஸ்கொட் முதலிய குலத்தவர் இரவில் குதிரையேறிச் சென்று மாடு கவர்வதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். வெட்சித் திணை படித்த நமக்கு ஆநிரை கவர்தல் புதிதன்று. ஆனால் இங்கே அது போரின் தொடக்கமாக அமையவில்லை. ஆண்டு முழுவதும் நடந்த சீவனோபாயமாகவே இருந்தது. களவைத் தவிர்ப்பதற்காகக் கொள்ளையருக்கே குடியானவர்கள் கட்டிய வரியின் பெயர்தான், இன்று உலகமெங்கும் வழங்கும் 'பிளக்மெயில்' என்ற சொல்.

இத்தகைய பூமியிலும் சட்டம் இல்லாமலில்லை. பறிகொடுத்தவன் ஆறு நாட்களுக்குள் எல்லை தாண்டிச் சென்று தன் மாடுகளை மீட்கலாம் என்பது ஒரு விதி. இரு பக்கத்து அதிகாரிகளும் கூடி வழக்குத் தீர்க்கும் 'சமாதான நாள்' அதைவிட முக்கியமானது. அன்று கூட்டத்துக்கு வருபவன் எத்தனை பெரிய திருடனாக இருந்தாலும், மறுநாள் சூரியன் உதிக்கும்வரை அவனைத் தொடக்கூடாது. எல்லைப்புறத்தில் எஞ்சியிருந்த நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு வாக்குறுதியிலேயே தங்கியிருந்தது.

பக்ளூ தம் ஒன்பதாவது வயதில், 1574இல், தந்தையை இழந்து குலத்தலைவரானார். அவரது பூட்டனார் 1552இல் எடின்பரோ நகர வீதியில் பகைவரான கெர் குலத்தவரால் வெட்டிக் கொல்லப்பட்டவர். பக்ளூவின் தாயார் மறுமணம் செய்துகொண்ட பொத்வெல் பிரபு, ஆறாம் ஜேம்ஸ் மன்னனுக்கு எதிராகக் கலகம் செய்து வீழ்ந்தார். மாற்றாந்தந்தையின் வீழ்ச்சி மகனுக்கு ஏற்றமாயிற்று. பொத்வெல் வசமிருந்த லிடிஸ்டேல் காவற்பதவி 1591இல் பக்ளூவிடம் வந்தது. இடையில் கைநழுவி, 1594இல் மீண்டும் கிடைத்தது. பறிமுதலான நிலங்களிலும் ஒரு பகுதி அவரைச் சேர்ந்தது. அரசியலில் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்பதை அறிந்தவர் அவர் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

1596ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த ஒரு சமாதான நாளில் பக்ளூவின் பிரதிநிதியும் ஆங்கிலப் பக்கத்துப் பிரதிநிதி சல்கெல்டும் கூடினர். வந்தவர்களுள் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் என்னும் கின்மொன்ட் வில்லியும் ஒருவன். அவன் பெயர்பெற்ற கொள்ளைக்காரன். ஆங்கிலக் குடியானவர் பலரை அழவைத்தவன். கூட்டம் முடிந்து வீடு திரும்புகையில் ஆங்கிலேயர் அவனைத் துரத்திப் பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்தனர். சூரியன் இன்னும் உதிக்கவில்லை, சட்டம் மீறப்பட்டுவிட்டது. பக்ளூ முறைப்படி ஆட்சேபித்தார். கார்லைலின் காவல் அதிபர் ஸ்குறூப் பிரபு கைதியை விட மறுத்தார்.

ஏப்ரல் 13ஆம் திகதி இரவு, மழையில், ஏறத்தாழ எண்பது பேருடன் பக்ளூ ஆற்றைக் கடந்து கார்லைலை அடைந்தார். கொண்டுபோன ஏணிகள் மதிலுக்கு எட்டவில்லை. பின்புறத்துச் சிறுவாயிலைத் திறந்து உட்புகுந்து, காவலர் சிலரைக் காயப்படுத்தி, வில்லியை மீட்டுக்கொண்டு எல்லையை அடைந்தனர். கோட்டைக்குள்ளும் வெளியிலும் இருந்த ஆங்கிலப் பக்கத்தவர் சிலரின் உதவி அவர்களுக்கு இருந்ததென ஸ்குறூப் உறுதியாக நம்பினார். தைரியத்தோடு முன்னேற்பாடும் சேர்ந்தே அந்த இரவை வெற்றியாக்கியது.

பாடல் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. வரலாறு முடியவில்லை.

எலிசபெத் மகாராணி கடுங்கோபம் கொண்டு பக்ளூவைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டார். ஜேம்ஸ் மன்னனின் நிலை தர்மசங்கடமானது. எலிசபெத்துக்குப் பின் இங்கிலாந்தின் முடி தமக்கே வரவேண்டும் என்று காத்திருந்தவர் அவர். மகாராணியிடம் உதவிப்பணமும் பெற்றுவந்தவர். ஸ்கொட்லாந்து மக்களோ பக்ளூவின் பக்கம் நின்றனர். ஓராண்டுக்கு மேல் இழுபறி நடந்தது. இதற்கிடையில் 1597இல் பக்ளூ ஆங்கிலப் பக்கத்து டைன்டேல் பகுதிக்குள் புகுந்து தாக்கியதில் அங்குள்ளோர் பலர் மாண்டனர். கார்லைலில் மீறப்பட்ட சட்டத்துக்காக வாதாடியவரின் கையாலேயே நடந்த காரியம் இது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் பெரிக் நகரில் ஆங்கிலேயரிடம் தம்மை ஒப்படைத்து, 1598 பெப்ரவரி வரை காவலில் இருந்தார். பின்னர் அவர் எலிசபெத்தை நேரில் கண்டு துணிச்சலாக விடைகூறினார் என்று ஒரு கதை உண்டு. அது வழிவழியாக வந்த கதையே.

1603இல் ஜேம்ஸ் இரு நாடுகளுக்கும் மன்னரானார். எல்லை என்பதே பொருளற்றதாயிற்று. நேற்றுவரை அரசுகளுக்குப் பயன்பட்ட குதிரைவீரர்கள் இன்று வெறும் திருடர்களாயினர். தூக்குமரங்கள் நாட்டப்பட்டன, கிரேயம் குலத்தவர் பலர் அயர்லாந்துக்கு நாடுகடத்தப்பட்டனர். பக்ளூ 1604இல் எல்லைப்புறத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஒல்லாந்துக்குச் சென்று, ஸ்பெயினுக்கு எதிராக மொரிஸ் இளவரசரின் கீழ்ப் போர்புரிந்தார். ஊரில் தொல்லையாகக் கருதப்பட்ட கைகள் அந்நியப் போர்க்களத்துக்குப் போயின. 1606இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1611 டிசம்பரில் இறந்தார். 1619இல் அவரது மகன் ஏர்ல் பட்டம் பெற்றார்.

கொள்ளையனை மீட்ட தலைவரின் குலம் உயர்ந்தது. மீட்கப்பட்டவனைப் போன்ற சிறிய மனிதர்களின் உலகம் அழிந்தது. இந்தப் பாதியைப் பாடல் பாடவில்லை.

பாடலின் கதையும் சுவையானது. இது முதன்முதலில் அச்சேறியது, சேர் வோல்டர் ஸ்கொட் 1802இல் வெளியிடத் தொடங்கிய எல்லைப்புறக் கதைப்பாடல் தொகுப்பிலேயாகும். வாய்மொழியாகச் சிதைந்து வந்ததைத் தாம் ஓரளவு திருத்தியதாக அவரே ஒப்புக்கொண்டார். ஆய்வாளர் பலரோ, பெரும்பகுதி அவரது சொந்த ஆக்கமாகவே இருக்கலாம் என்று கருதுகின்றனர். 1688இல் சட்செல்ஸ் ஊரவரான இன்னொரு ஸ்கொட் எழுதிய குலவரலாற்றுச் செய்யுளின் சாயல் இதில் தெரிகிறது. பாடலில் சல்கெல்ட் ஈட்டியால் குத்தப்பட்டு மாள்கிறான். உண்மையில் அவர் அன்று கொல்லப்படவில்லை.  ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், குலத்தின் வழித்தோன்றல் ஒருவர் தம் குலத்தலைவருக்கு எடுத்த நடுகல் என்றே இப்பாடலைச் சொல்லலாம்.

அதனால் பாடல் பொய்யாகிவிடுமா? இல்லை. கொடுத்த வாக்கு கள்வனுக்குக் கொடுத்ததானாலும் வாக்குத்தான் என்ற உண்மையை அது நெஞ்சில் பதியவைக்கிறது. வில்லி நல்லவன் என்பதற்காக மக்கள் அதை விரும்பவில்லை. சூரியன் உதிக்குமுன் பிடித்தார்களே என்ற நியாயத்துக்காகவே விரும்பினர். ஆனால் ஓர் இரவின் நியாயத்தை ஒரு மனிதனின் முழு வாழ்வுக்கும் சான்றிதழாகக் கொள்ளலாகாது. கார்லைலைப் பாடுகையில் டைன்டேலில் மாண்டவர்களுக்கும் வீடும் உறவும் இருந்தன என்பதை நினைப்பவரே நல்ல வாசகர். வீரரைப் போற்றும் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம், இது எந்த இரவைப் பாடுகிறது, எந்தப் பகலைப் பாடாமல் விடுகிறது என்று கேட்டுக்கொள்வோமாக.