அமளியில் நிறைவேறும் சட்டங்கள்

இந்திய நாடாளுமன்றம் கூடும் நாட்களும் குறைந்துவிட்டன, கூடிய நாட்களில் பேசும் நேரமும் குறைந்துவிட்டது. 1952இல் அமைந்த முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையின் சராசரி 55 நாட்கள். அவற்றிலும் பல நாட்கள் ஒரே மாதிரி கழிந்தன. காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கியதும் முழக்கம், அவையின் மையப் பகுதியில் பதாகைகள், 12 மணி வரை ஒத்திவைப்பு, கூடியதும் 2 மணி வரை ஒத்திவைப்பு, பிறகு நாள் முழுவதும் ஒத்திவைப்பு. கட்சிப் பகை முற்றிவிட்டதற்கு அடையாளமாக இதைச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் இந்த அமளியில் யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்த்தால், எந்தக் கட்சி ஆண்டாலும் லாபம் அரசாங்கத்துக்குத்தான்.

பாத்திரங்கள் மட்டும் அவ்வப்போது மாறுகின்றன. 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை 2ஜி விவகாரம் முழுவதுமாக விழுங்கியது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வேண்டும் என்று பாஜக தலைமையில் எதிர்க்கட்சிகள் அவையை நடக்கவிடவில்லை. 2012இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டிலும் அதுவே நடந்தது. அவையை முடக்குவதும் ஜனநாயக வழிமுறைதான் என்று அன்று பாஜக தலைவர்கள் வாதிட்டார்கள். மக்கள் பணம் வீணாகிறது என்று காங்கிரஸ் அமைச்சர்கள் வருந்தினார்கள். 2014இல் இருக்கைகள் இடம் மாறின, வாதங்களும் கூடவே இடம் மாறின. 2021இல் பெகாசஸ் உளவு விவகாரத்திலும் 2023இல் மணிப்பூர் கலவரத்திலும் முழக்கமிட்டது காங்கிரஸ். வீணாகும் மக்கள் பணத்துக்கு வருந்தியது பாஜக. மணிப்பூர் பற்றி விவாதிக்கலாம் என்பதில் மாநிலங்களவையில் இரு தரப்புக்கும் மறுப்பு இல்லை. விதி 176இன் கீழ் குறுகிய நேர விவாதம் போதும் என்றது அரசு. விதி 267இன் கீழ் மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். ஒரு மாநிலம் எரிந்துகொண்டிருந்தபோது நாட்கள் விதி எண்ணில் கரைந்தன.

அமளிக்குள் என்னவெல்லாம் நடந்துவிடும் என்பதற்கு 2018 பட்ஜெட் கூட்டத்தொடரை விடத் தெளிவான சான்று இல்லை. ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுகவும் நாள்தோறும் மையப் பகுதிக்கு வந்தன. காவிரி வழக்கில் பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் செயல்திட்டத்துக்கு ஆறு வாரக் கெடு விதித்திருந்ததால் தமிழக உறுப்பினர்களின் கோரிக்கை நியாயமானது. மோடி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரவும் அப்போது நோட்டீஸ் தரப்பட்டது. அதை ஏற்க 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரவு காட்ட வேண்டும். மையப் பகுதியில் பதாகைகளோடு ஆட்கள் நிற்கும்போது எழுந்து நிற்பவர்களை எண்ண முடியவில்லை என்று கூறி, சபாநாயகர் சுமித்ரா மகாஜன் ஒவ்வொரு நாளும் அவையை ஒத்திவைத்தார். கூட்டத்தொடர் முடியும் வரை தீர்மானம் விவாதத்துக்கு வரவே இல்லை.

தலைகளை எண்ண முடியாத அதே அவையில், மார்ச் 14 அன்று அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமின்றி 'கில்லட்டின்' முறையில் நிறைவேறின. அந்த நிதி மசோதாவுக்குள் ஒரு சிறு திருத்தம் இருந்தது. அரசியல் கட்சிகள் பெற்ற வெளிநாட்டுத் தொடர்புள்ள நன்கொடைகளுக்கான விலக்கை அது 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி நீட்டியது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வேதாந்தா குழுமத்தின் துணை நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரஸ், பாஜக இரண்டுமே சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருந்தது. இந்தத் திருத்தம் இரு கட்சிகளையும் ஒருசேரக் காப்பாற்றியது. முழக்கங்களுக்கு நடுவே இதைப் பற்றிக் கேள்வி எழுப்ப யாருக்கும் வாய்ப்பில்லை. இரு பெரிய கட்சிகளுக்கும் அதற்கான ஆர்வமும் இருந்திருக்காது. ஜென்மப் பகையாளிகள் என்று ஊர் நம்பும் இருவருக்கும் பொதுவான நன்மை இப்படித்தான் சத்தமில்லாமல் நடந்தது.

2023 டிசம்பரில் நிலைமை இன்னும் மோசமானது. அவைக்குள் இருவர் குதித்துப் புகைக்குப்பி வீசியது பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டு முழக்கமிட்ட எதிர்க்கட்சியினரில் 146 பேர் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 1989இல் ராஜீவ் காந்தி ஆட்சியில், இந்திரா காந்தி கொலை பற்றிய தக்கர் கமிஷன் அறிக்கை தொடர்பான அமளியில், ஒரே நாளில் 63 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டது அதுவரை பெரிய எண்ணிக்கை. 146 பேர் வெளியே இருக்க, இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் நிறைவேறின. காவல் நிலையப் படியேறும் ஒவ்வொரு குடிமகனையும் தொடும் சட்டங்கள் அவை.

இந்த நிலைக்குக் குணக்கேடு மட்டும் காரணமல்ல, சட்டமும் காரணம். 1957இல் மூந்த்ரா நிறுவனங்களின் பங்குகளை எல்ஐசி வாங்கிய ஊழலை மக்களவையில் கிழித்துப் போட்டவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன். அதன் விளைவாக நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். இன்று அப்படி ஒருவரைக் கற்பனை செய்வது கடினம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகும் என்றது. பணத்துக்கு அணி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி வாக்களிப்பதையும் சேர்த்துத் தடுத்தது. முடிவு கொறடாவின் கையில் இருக்கும்போது எதிரணியை வாதத்தால் இணங்கவைக்க வழியில்லை. மிஞ்சுவது குரலும் கேமராவும்தான்.

கேமரா இல்லாத இடத்தில் இதே உறுப்பினர்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள். 1993 முதல் இயங்கும் துறைவாரி நிலைக்குழுக்களில் எல்லாக் கட்சியினரும் உட்கார்ந்து அதிகாரிகளைக் குடைந்து கேட்கிறார்கள், மசோதாவை வரிவரியாகப் படிக்கிறார்கள். 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் வெறும் 16 சதவீதம். குழுவுக்கு அனுப்பப்படாத வேளாண் மசோதாக்களில் இரண்டு 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், வாக்குகளை எண்ணிப் பதிவு செய்ய எதிர்க்கட்சிகள் கேட்டும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஓராண்டாக விவசாயிகள் டெல்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் கிடந்த பிறகு, 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் விவாதமின்றியே ரத்தாயின.

அவையை நடத்தும் நடுவர் மீது நம்பிக்கை இருந்தால் பகை ஓரளவு அடங்கும். துணை சபாநாயகரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 93ஆவது பிரிவு. அந்தப் பதவியை ஆளுங்கட்சிக்கு வெளியே தருவது பெரும்பாலும் மரபாக இருந்தது. 2014 முதல் 2019 வரை அதிமுகவின் மு.தம்பிதுரை வகித்தார். 17ஆவது மக்களவை தன் ஐந்தாண்டையும் துணை சபாநாயகரே இல்லாமல் முடித்தது.

மையப் பகுதிக்கு எதிர்க்கட்சி ஓடுவதற்கு அடிப்படைக் காரணம், அன்றைய அலுவலைத் தீர்மானிக்கும் உரிமை அதற்கு இல்லாததே. பிரிட்டன் மக்களவையில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாட்கள் எதிர்க்கட்சிகளுக்கென ஒதுக்கப்படுகின்றன. அந்நாட்களில் பேசுபொருள் அவர்களுடையது. இந்தியாவில் அப்படி ஏற்பாடு இல்லை. அமைச்சரல்லாத உறுப்பினர்களின் தனிநபர் அலுவலுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டரை மணி நேரம் உண்டு. அந்த வழியில் வந்த மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970இல். 2015 ஏப்ரலில் திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து, திருநர் அமைப்புகளின் கடும் எதிர்ப்பையும் மீறி, 2019இல் சட்டமாக்கியது.