உங்களுக்குத் தெரியுமா? ஒரே பயணம், இரண்டு முறை இறக்கம்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் போதும். ஆனால் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும், 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டவே பல மணி நேரம் பிடிக்கலாம். அதன் நீளமோ ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர்தான்!

சிங்கப்பூர்ப் பக்கமுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கிக் குடிநுழைவுச் சோதனையை முடித்துவிட்டு மீண்டும் ஏற வேண்டும். பாலம் கடந்ததும் ஜொகூர் பாருவில் மறுபடியும் இறக்கம். இம்முறை மூட்டை முடிச்சுகளும் கூடவே இறங்கும். 170-ஆம் எண் போன்ற நகரப் பேருந்துகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பின்னால் வரும் அதே எண் வண்டியில் தொற்றிக்கொள்ளலாம். தொலைதூரப் பேருந்துகள் காத்திருக்கும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். வண்டி எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

நெரிசலுக்கு மாற்றாக 1998-இல் துவாஸில் இரண்டாவது பாலம் வந்தது. அங்கும் இதே இறக்கம், ஏற்றம்தான்.

திரும்பும்போது பையைத் துழாவிப் பாருங்கள். சூயிங்கம் இறக்குமதிக்குச் சிங்கப்பூரில் 1992 முதல் தடை. சிகரெட் ஒன்றே ஒன்று இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.