படையலுக்கு முன் ஒரு பங்கு

கூட வாழும் உயிர்கள் – 14

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆயுத பூஜையன்று லேத், ஃபோர்க்லிஃப்ட், வெல்டிங் மெஷின் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நிற்கும். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை பங்கிட்டு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் கொடுப்பார்கள். மிஞ்சியதைக் கேட் ஓரத்து நாய்களுக்குக் கொட்டுவார்கள். கொட்டுகிறவருக்கு இரக்கம் தவிர வேறு எண்ணமில்லை. ஆனால், சைவப் படையல்தானே, என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட முடியாது.

பொங்கலில் மினுங்கும் உலர்திராட்சை, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று எந்த மருத்துவரும் அளவு சொல்வதில்லை. ஒரு நாய் தாங்குவதை இன்னொன்று தாங்காது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-ல் சுட்டிக்காட்டினார்கள். நம் சமையலறைக்கு இது முக்கியமான செய்தி. புளியிலும் அந்த அமிலம்தான் நிறைந்திருக்கிறது. புளி தின்ற நாய்களிடமும் அதே சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ரசஞ்சோறு தின்று வளர்ந்த நாய்கள்தானே என்று கேட்பீர்கள். நீர்த்த ரசம் வேறு, கெட்டியான புளிக்காய்ச்சல் வேறு. தெரிந்த பிறகு இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

தீபாவளி பிரியாணியில் ஆபத்து வெங்காயமும் பூண்டும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. பாதிப்பு உடனே தெரியாமல் சில நாள் கழித்துத்தான் தெரியும் என்பது பெரிய கொடுமை. ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகி, நாய் சோர்ந்து படுக்கும்போது விருந்தை யாரும் நினைப்பதில்லை. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையோ குடலையோ கிழிக்கும். சாக்லேட்டும் ஆகாது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? காக்கைக்கு நாம் சாப்பிடும் முன்பே சோறு வைக்கிறோம். நாய்க்கு மட்டும் எச்சிலை ஏன் ஒதுக்க வேண்டும்? சோறு வடித்ததும், உப்பும் மசாலாவும் சேர்க்கும் முன், அதன் பங்கை எடுத்து வையுங்கள். எலும்பு நீக்கிய வெந்த கோழியோ அவித்த முட்டையோ சேர்த்தால் போதும். பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூஜையன்று திகட்டத் திகட்டத் தின்ற நாய், மறுநாளிலிருந்து கேன்டீன் பூட்டிக் கிடக்கப் பட்டினி கிடக்கிறது. லீவு நாளில் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் தன் டிபன் பாக்ஸிலிருந்து அதற்குப் பங்கு போடுகிறார். அவர் கைக்காசில் நடக்கும் இந்த வேலையை நிர்வாகம் ஏற்க வேண்டும். விடுமுறைக்கு ஒரு மூட்டை அரிசியும் சில தட்டு முட்டையும் எந்தக் கம்பெனிக்கும் பாரமில்லை.

2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வாசலையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் விட்டு விலகித் தெருநாய்க்கு உணவிடச் சொல்கின்றன. குறித்த இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-ல் உத்தரவிட்டது. உங்கள் பகுதியில் அந்த இடம் எது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஒதுக்கித் தரச் சொல்லி, பண்டிகைக்கு முன்பே மனு கொடுங்கள்.